மூன்று துளைகளின் சாட்சியம்

அமெரிக்கத் துப்பாக்கிச் சுடுதளங்களில் எடுக்கப்படும் ஒருவகைப் புகைப்படம் உண்டு. இலக்குத் தாளில் மூன்று துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஏறத்தாழ ஒரே துளையாகத் தெரியும். அளவு புரிவதற்காக அருகில் ஒரு நாணயம் இருக்கும். தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதிய குறிப்பு: வெடிமருந்தின் பெயர், அதன் எடை, குண்டின் எடை, தொலைவு 100 கெஜம். மான் வேட்டைப் பருவம் நெருங்கும் வாரங்களில் இத்தகைய படங்கள் பெருகும். தம் கையால் நிரப்பிய தோட்டா தம் துப்பாக்கிக்குப் பொருந்திவிட்டது என்பதற்கு அந்தத் தாளே சான்று என்று வேட்டைக்காரர் நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு மூன்று துளைகள் போதாது. புள்ளியியல் இதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயினும் சுடுதளங்களில் வழக்கம் பெரிதும் மாறவில்லை. ஆய்வகங்களிலும் மாறவில்லை என்பதால்தான் இந்தியக் கல்விப்புலத்தாருக்கு இந்த அயல்நாட்டுச் சங்கதியில் அக்கறை இருக்க வேண்டும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. எனவே தோட்டா நிரப்பும் தொழில் இங்குப் பெரும்பாலோர்க்கு அந்நியம். ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளை உறை, அதன் அடியில் பொறி கிளப்பும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டபின் வீணாவது பித்தளை உறை ஒழிந்த மற்ற மூன்றும்தாம். உறையைத் துடைத்து, அச்சில் இட்டுப் பழைய அளவுக்குக் கொணர்ந்து, புதிய பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் பெய்து, குண்டைச் செருகினால் தோட்டா மீண்டும் உயிர்பெறும். மருந்தை நிறுக்கும் அலகு கிரெயின். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், அதாவது ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். சிக்கனத்துக்காகத் தோட்டா நிரப்புவோர் பலர். ஆனால் இக்கலையில் ஆழ்ந்தவர்களை ஈர்ப்பது வேறொன்று. ஒவ்வொரு துப்பாக்கிக் குழலுக்கும் தனித்த சுபாவம் உண்டு, அதற்கு உகந்த மருந்தளவு ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது, பொறுமையாகத் தேடினால் அது அகப்படும் என்னும் நம்பிக்கையே அது.

தேடும் முறை பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. .308 வின்செஸ்டர் வகைத் துப்பாக்கி ஒன்று என்று கொள்வோம். நிரப்பு கையேடு குறிப்பிடும் உச்ச அளவுக்குப் பத்து விழுக்காடு கீழே தொடங்கி, 0.3 அல்லது 0.5 கிரெயின் வீதம் ஏற்றிக்கொண்டே பத்து மருந்தளவுகளில் தோட்டாக்கள் நிரப்பப்படும். ஒவ்வொரு அளவிலும் மூன்று. சுடுதளத்தில் மணல்மூட்டையின் மேல் துப்பாக்கியைக் கிடத்தி, அளவுக்கு ஒரு தாளாகச் சுடுவார். ஒவ்வொரு தாளிலும் ஒன்றுக்கொன்று மிக விலகிய இரு துளைகளின் மைய இடைவெளியை அளப்பார். பத்துத் தாள்களில் மிகச் சிறிய இடைவெளி எந்த அளவில் கிடைத்ததோ அதுவே வெற்றி பெற்ற கலவை. மற்ற ஒன்பதும் குறிப்பேட்டில் தோற்றவையாகப் பதிவாகும்.

இந்தச் சோதனையில் சுட்டவரின் நேர்மைக்கோ உழைப்புக்கோ குறைவில்லை. மருந்தைப் பத்தில் ஒரு கிரெயின் துல்லியத்தில் நிறுத்தவர் அவர். குறை அளவையில் இல்லை. அளந்தவற்றின் எண்ணிக்கையில் இருக்கிறது.

ஃபிராங்க் கிரப்ஸ் என்ற பெயரைப் புள்ளியியல் பயின்றோர் அறிவர். ஒரு தரவுத் தொகுப்பில் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் ஒற்றை மதிப்பை நீக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய உதவும் கிரப்ஸ் சோதனைக்கு உரியவர் அவர். அமெரிக்கத் தரைப்படையின் அபர்தீன் எறிபொருளியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1964இல் துப்பாக்கி சுடுவோருக்கும் ஏவுகணைப் பொறியாளர்களுக்குமாகத் துல்லியத்தின் புள்ளியியல் அளவைகள் குறித்து ஒரு சிறுநூல் எழுதினார். அதன் அடிப்படைக் கருத்து எளியது. குண்டுகள் கிடைத்திசையிலும் செங்குத்துத் திசையிலும் ஒரே அளவான இயல்நிலைப் பரவலில் சிதறுகின்றன என்று கொண்டால், மூன்று குண்டுகளின் மிகைவிலகல் சராசரியாகத் திட்ட விலக்கத்தைப்போல் 2.4 மடங்கு இருக்கும். ஐந்து குண்டுகளுக்கு அது 3.07 மடங்கு, பத்துக் குண்டுகளுக்கு 3.8 மடங்கு. எனவே குறைவாகச் சுட்டால் துப்பாக்கி தன்னளவிலேயே துல்லியமானதாகத் தோன்றும். மூன்று குண்டுகளின் படத்தைக் காட்டி 'என் துப்பாக்கி ஓர் அங்குலத்துக்குள் சுடும்' என்பவர், அதே துப்பாக்கியால் பத்துக் குண்டுகள் சுட்டால் ஒன்றரை அங்குலத்தை எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

இதைவிட முக்கியமானது அந்த 2.4 என்னும் சராசரியைச் சுற்றியுள்ள அலைவு. மூன்று குண்டுகளின் தொகுதியில் அந்த அலைவு சராசரியில் ஏறத்தாழ 37 விழுக்காடு. 100 கெஜத்தில் அரை அங்குலத் திட்ட விலக்கம் உடைய ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். வேட்டைத் துப்பாக்கிக்கு இது கண்ணியமான அளவு. அதில் ஒரே கலவையை, எதையும் மாற்றாமல், மும்மூன்றாகப் பத்துத் தாள்களில் சுட்டால் சராசரித் தொகுதி 1.2 அங்குலம் இருக்கும். மிகச் சிறியது 0.6 அங்குலத்தை ஒட்டியும், மிகப் பெரியது 1.8 அங்குலத்தை ஒட்டியும் அமைவது இயல்பு. ஒரே மருந்து, ஒரே குண்டு, ஒரே கை. ஆனால் தாள்களுக்கிடையே மும்மடங்கு வேற்றுமை. இப்போது அந்தப் பத்துத் தாள்களின் ஓரத்தில் பத்து வெவ்வேறு மருந்தளவுகளை எழுதி வைத்தால், 'உகந்த கலவை' பிறந்துவிடும். மறுவாரம் அதே கலவையை மீண்டும் சுட்டால் தொகுதி 1.2 அங்குலத்துக்குத் திரும்பிவிடும். அப்போது காற்றையும், மருந்தின் புதிய தொகுப்பையும், தம் தோளையும் அவர் குறைகூறுவார். சராசரிக்கு மீளுதல் என்று கால்டன் காலத்திலிருந்து அறியப்பட்ட நிகழ்வுக்குச் சுடுதளத்தில் பெயரில்லை. அங்கே அதை 'அன்றைக்குச் சரியில்லை' என்பார்கள்.

ஏணிச் சோதனை என்றொரு முறையும் உண்டு. ஒவ்வொரு மருந்தளவிலும் ஒரே ஒரு குண்டு சுட்டு, மருந்து ஏற ஏறத் துளைகள் தாளில் எப்படி மேலேறுகின்றன என்று பார்ப்பது அது. அடுத்தடுத்த மூன்று அளவுகள் ஒரே உயரத்தில் துளைத்திருந்தால் அங்கே குழலின் அதிர்வு சமநிலை கொள்கிறது என்று முடிவு கட்டப்படும். தருக்க நூல்களில் டெக்சாஸ் துப்பாக்கிக்காரனின் பிழை என்று ஒன்று சொல்லப்படுவதுண்டு: களஞ்சியச் சுவரில் மனம்போனபடி சுட்டுவிட்டு, துளைகள் நெருங்கிய இடத்தில் வட்டம் வரைந்து அதையே இலக்கென்று காட்டுபவனின் கதை. உவமையாகச் சொல்லப்பட்ட பிழை, உவமானத்தின் சொந்த ஊரிலேயே இவ்வளவு பணிவோடும் துல்லியத் தராசோடும் நிகழ்ந்துகொண்டிருப்பது வேடிக்கைதான்.

வேகத்தை அளக்கும் கருவிகள் மலிந்தபின் இந்தக் குறை தீர்ந்திருக்க வேண்டும். மாறாக அது எண்களின் உடையை அணிந்துகொண்டது. ஐந்து குண்டுகளைச் சுட்டு, அவற்றின் வேகத் திட்ட விலக்கம் நொடிக்கு 8 அடி என்று கருவி காட்டுகிறது. மற்றொரு கலவை 16 அடி காட்டுகிறது. முன்னது இருமடங்கு சீரானது என்று எழுதப்படுகிறது. ஆனால் ஐந்து அளவீடுகளிலிருந்து பெறும் திட்ட விலக்கத்தின் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி, கிடைத்த எண்ணின் 0.6 மடங்கிலிருந்து 2.87 மடங்கு வரை விரிகிறது. அப்படியானால் முதற் கலவையின் மெய்யான மதிப்பு 5க்கும் 23க்கும் இடையே எங்கும் இருக்கலாம். இரண்டாவதன் மதிப்பு 10க்கும் 46க்கும் இடையே எங்கும் இருக்கலாம். இவ்விரண்டில் எது சீரானது என்று அந்தப் பத்துக் குண்டுகள் எதுவும் சொல்லவில்லை.

இன்னும் நுட்பமான ஒரு வழக்கம் இருக்கிறது. மூன்றில் இரண்டு துளைகள் ஒட்டிக்கொண்டு, மூன்றாவது விலகிப் போனால் அதற்கு 'ஃபிளையர்' என்று பெயர், தப்பிப் பறந்த குண்டு என்ற பொருளில். 'விசையை நான் சரியாக இழுக்கவில்லை' என்று சுட்டவர் தம்மீதே பழியை ஏற்றுக்கொண்டு அந்தத் துளையைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார். பணிவு போலத் தோன்றும் இச்செயலால் தோட்டாவும் துப்பாக்கியும் குற்றமற்றவையாக விடுவிக்கப்படுகின்றன. விலகிய மதிப்பை எப்போது நீக்கலாம் என்று தனியே ஒரு சோதனை வகுத்தவரே, துப்பாக்கி சுடுவோருக்கும் நூல் எழுதினார் என்பதை இங்கு மீண்டும் நினைத்துக்கொள்ளலாம். இரண்டு துளைகள் ஒட்டியிருப்பதும் மூன்றாவது தள்ளியிருப்பதும் தற்செயலில் அடிக்கடி நேரும் அமைப்பு. விசையில் பிழை நேர்ந்தது என்று, துளையைப் பார்ப்பதற்கு முன்பே சுட்டவர் அறிவித்திருந்தால் அதை நீக்குவதில் நியாயம் உண்டு. பார்த்தபின் அறிவிப்பதில் இல்லை.

வேட்டைக்காரர்கள் தரப்பில் வலுவான மறுமொழி ஒன்று உண்டு. அதைக் கேலியாகத் தள்ளிவிட முடியாது. வேட்டையில் கணக்கில் வருவது குளிர்ந்த குழலிலிருந்து செல்லும் முதற்குண்டு மட்டுமே; அரிதாக இரண்டாவது. மலையேறிச் சுமப்பதற்காக மெல்லியதாகச் செய்யப்பட்ட வேட்டைத் துப்பாக்கியின் குழல், தொடர்ந்து பத்துக் குண்டுகள் சுட்டால் சூடேறி வேறு விதமாக நடந்துகொள்ளும். எனவே பத்துக் குண்டுகளின் தொகுதி களத்தில் என்றும் நிகழாத ஒன்றை அளக்கிறது என்பது அவர்கள் வாதம். பிரைமரும் மருந்தும் விலையேறிவிட்டன என்பதும், அதிவேகத் தோட்டாக்கள் ஆயிரத்துச் சொச்சம் குண்டுகளிலேயே குழலைத் தேய்த்துவிடுகின்றன என்பதும் மெய்தான்.

வாதத்தின் முதற்பாதி முற்றிலும் சரி. ஆனால் அதிலிருந்து 'மூன்று போதும்' என்பது பெறப்படாது. முதற்குண்டும் ஒரு பரவலிலிருந்து எடுக்கப்படும் துளிதான். அந்தப் பரவலை அறிய முதற்குண்டுகள் பல வேண்டும். ஒரே நாளில் அல்ல, பல நாள்களில். குழல் சூடாவது சிக்கல் என்றால், பத்துக் காலைகளில் மும்மூன்றாக, ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே குழலை ஆறவிட்டுச் சுட்டு, எல்லாத் தாள்களையும் ஒரே குறிப்புள்ளியின் மேல் பொருத்திப் பார்க்கலாம். முப்பது துளைகள் கொண்ட அந்த ஒற்றைத் தாளுக்கு ஆகும் செலவு, பத்துக் கலவைகளை மும்மூன்றாகச் சுட்டு ஒன்றும் அறியாமல் திரும்புவதற்கு ஆகும் செலவேதான்.

செலவைப் பற்றிய கவலைக்குக் கணக்கே வேறொரு விடையும் தருகிறது. இரண்டு கலவைகளுக்கிடையே 20 விழுக்காட்டு வேறுபாட்டை நம்பகமாகக் கண்டறிய வேண்டுமானால் ஒவ்வொன்றிலும் நூறு குண்டுகளுக்கு மேல் சுட வேண்டும். எந்த வேட்டைக்காரருக்கும் அது கட்டாது. ஆனால் ஒரு கலவை மற்றதைவிட இருமடங்கு மோசமானதாக இருந்தால் எட்டு, பத்துக் குண்டுகளிலேயே அது தெரிந்துவிடும். ஆகவே மோசமான கலவையைக் கழிக்கச் சோதனை உதவும். நல்ல இரண்டில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க அது உதவாது. அந்தத் தேர்வும் தேவையற்றது. பென்சில்வேனியக் காட்டில் 100 கெஜத்துக்குள் மானைச் சுடுபவருக்குத் துப்பாக்கி ஓர் அங்குலத்தில் சுடுகிறதா, இரண்டு அங்குலத்தில் சுடுகிறதா என்பதால் எதுவும் மாறுவதில்லை. மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல அகலம். தோட்டா பாதுகாப்பானதா, தடையின்றி அறைக்குள் செல்கிறதா, குறி எங்கே பதிகிறது ஆகிய மூன்றை மட்டும் அவர் சோதித்தால் போதும்.

சிக்கல் எழுவது மேற்கு மாநிலங்களின் திறந்த வெளிகளில். அரை அங்குலத் திட்ட விலக்கம் உடைய அதே துப்பாக்கியை மறுபடி எடுத்துக்கொள்வோம். அதன் உரிமையாளரிடம் 0.6 அங்குலத் தாள் ஒன்று இருக்கிறது. 400 கெஜத்தில் அது 2.4 அங்குலம் ஆகும் என்று அவர் பெருக்கிக்கொள்கிறார். எட்டு அங்குல இலக்குக்கு இது தாராளம். உண்மையான பரவலைக்கொண்டு கணித்தால் விடை வேறு. 200 கெஜத்தில் இலக்குப் பகுதிக்கு வெளியே விழும் வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். 300 கெஜத்தில் நூற்றில் மூன்று குண்டுகள் வெளியே போகும். 400 கெஜத்தில் ஏழில் ஒன்று. 500 கெஜத்தில் நான்கில் ஒன்றுக்கும் மேல். இவை மணல்மூட்டையின் மேல், காற்றில்லாத, தொலைவு பிழையின்றி அறிந்த நிலைக்கான கணக்குகள். மூச்சிரைக்க மலைச்சரிவில் படுத்துக்கொண்டு, பக்கக் காற்றில் சுடும் மனிதருக்கு இவையெல்லாம் கூடும். வெளியே போகும் அந்த ஒரு குண்டு வெற்றுவெளியில் போவதில்லை. அது குடலில் படும், காலெலும்பை உடைக்கும். விலங்கு ஓடி ஒளிந்து, மணிக்கணக்கில் கிடந்து சாகும். வேட்டை அறமா என்பது வேறு வழக்கு. வேட்டையை ஏற்றுக்கொண்டவர்களின் சொந்த அறநெறியே விரைவான, துன்பமற்ற மரணத்தைக் கோருகிறது. அந்த நெறிக்கு எதிரான சாட்சியாகத்தான் நாணயம் வைத்துப் படமெடுத்த தாள் நிற்கிறது.

அழுத்தம் குறித்த சோதனையிலும் இதே தருக்கம் செயல்படுகிறது, ஆபத்து சுட்டவரின் முகத்துக்கு என்பதுதான் வேறுபாடு. .308 தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறைத் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. வீட்டில் நிரப்புபவரிடம் அதை அளக்கும் கருவி இருப்பது அரிது. எனவே பிரைமர் தட்டையாகிறதா, போல்ட்டைத் திறக்கக் கை சிரமப்படுகிறதா என்று பார்க்கிறார். இவ்வறிகுறிகள் பெரும்பாலும் எல்லை கடந்தபின்புதான் தோன்றும். குளிர்ந்த காலையில் அறிகுறியின்றிச் சென்ற மூன்று தோட்டாக்கள், வெயிலில் காரில் கிடந்த நான்காவதற்குப் பிணையாக மாட்டா.

இவற்றையெல்லாம் வாசித்துப் புன்னகைக்கும் ஆய்வு மாணவர், தம் ஆய்வகக் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டுவது நலம். உயிரியல் ஆய்வகங்களில் எதையும் மூன்று முறை செய்தால் போதும் என்பது எங்கும் எழுதப்படாத சட்டம். பத்து நிலைமைகளில் மும்மூன்று அளவீடு எடுத்து, மிக அழகான நிலைமையைத் தெரிந்து, ஒத்துவராத புள்ளியை 'அன்று மாதிரி கெட்டுவிட்டது' என்று நீக்கி, படமாக்கி, கட்டுரையாக்குவது சுடுதளத்தின் அதே சடங்குதான். இது அறியாமையால் மட்டும் நேர்வதில்லை. டுவெர்ஸ்கியும் கானமனும் 1971இல் சிறிய எண்களின் விதி மீதான நம்பிக்கையைப் பற்றி எழுதியபோது, அவர்கள் வினாவிய மக்கள் கணக்கறியாதவர்கள் அல்லர். கணித உளவியலில் தேர்ந்த ஆய்வாளர்களே சிறு மாதிரியை அளவுக்கு மீறி நம்பினர். 2015இல் வெளியான கூட்டுமுயற்சி ஒன்றில் நூறு உளவியல் ஆய்வுகள் மீண்டும் செய்யப்பட்டபோது, மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு பொருண்மை காட்டியிருந்த இடத்தில் மீளாய்வுகளில் 36 விழுக்காடே அதைக் காட்டின. ஒருவகையில் சுடுதளம் ஆய்வகத்தைவிட நேர்மையான இடம்: அங்கே மறுநாளே முப்பது தோட்டாக்கள் நிரப்பிச் சரிபார்த்துவிடலாம், வழிகாட்டியின் ஒப்புதல் வேண்டியதில்லை. ஆய்வகத்தில் தவறிய குண்டு, அந்த முடிவை நம்பித் தம் முனைவர் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகளைச் செலவழிக்கும் அடுத்த மாணவர்மீது போய்ப் படுகிறது.

அமெரிக்கத் தோட்டா நிரப்புவோரிடையே இது இப்போது பேசப்படத் தொடங்கியிருக்கிறது. தோட்டாத் தயாரிப்பு நிறுவனங்களின் பொறியாளர்கள் சிலரே, வாடிக்கையாளர்கள் பெருமையோடு காட்டும் மூன்று துளைகள் எதையும் நிறுவவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். மிகைவிலகலை விட்டுவிட்டு, ஒவ்வொரு துளையும் மையத்திலிருந்து விலகிய தொலைவின் சராசரியை அளக்குமாறு பரிந்துரைக்கப்படுகிறது. அதில் எல்லாத் துளைகளும் பங்கேற்கின்றன. ஓரத்து இரண்டின் சொல் மட்டும் செல்லுபடியாவதில்லை. இதற்கு எதிர்ப்பும் கடுமையாகவே இருக்கிறது. முப்பது ஆண்டுகளாகத் தேடிக் கண்ட 'உகந்த அளவு' தற்செயலின் விளையாட்டு என்று கேட்பது யாருக்கும் எளிதல்ல.

முப்பது துளைகள் கொண்ட தாளில் அழகு ஏதும் இராது. மையத்தில் கிழிந்து, ஓரத்தில் இரண்டு மூன்று துளைகள் தனித்துத் தொங்க, விட்டம் இரண்டரை அங்குலத்தை நெருங்கும். நாணயம் வைத்துப் படமெடுக்க அதில் இடமில்லை. அதைக் கையில் வைத்திருக்கும் வேட்டைக்காரர், 400 கெஜத்துக்கு அப்பால் சரிவில் மேயும் மானைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னும் 150 கெஜம் நெருங்குவதற்குக் காற்றின் திசை பார்த்து நடக்கத் தொடங்குவார். அதற்குள் மான் போய்விடவும் கூடும்.